கவிழ்த்துப் பார்த்தல்

ஹனாலே கயாக்கை மறுபடியும் கவிழ்த்தான்.

இடுப்பளவுத் தண்ணீரில் அந்தச் சிறு துடுப்புப் படகு தன் மஞ்சள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மெல்ல ஆடியது. மொலோகாய்த் தீவில் எங்கள் கிழக்குக் கரையிலிருந்து ஈட்டியோடு கடலுக்குப் போகிறவர்கள், சாமான்களையெல்லாம் கட்டி முடித்தபின் கயாக்கை ஒருமுறை இப்படித் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். தொங்கி நிற்பது நம்முடையது, கீழே போனது கடலுடையது என்று சொல்லிக்கொள்வார்கள். பவளத் திட்டுக்கு அப்பால் பேரலை வந்து புரட்டும்போது தெரிந்துகொள்வதைவிட, கரையோரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

அன்று ஒன்றும் கீழே போகவில்லை. ஈட்டித் துப்பாக்கி ரப்பர் கயிறுகளுக்கு அடியில் நீளவாக்கில் அப்படியே இருந்தது. முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் வலைப்பையோடு தொங்கின. கால்களில் மாட்டும் நீண்ட ஃபின்கள் இருக்கைக்குப் பின்னால் கிளிப்புகளில் பிடிபட்டிருந்தன. இடுப்பில் கட்டும் ஈயப் பட்டை, நங்கூரம், மீன் பை, ஆள் தண்ணீருக்குள் இருக்கிறான் என்று மற்றப் படகுகளுக்குச் சொல்லும் சிவப்புக் கொடி, துடுப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கயிறு இருந்தது. முந்தின நாளும் ஒன்றும் விழவில்லை. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான்.

கரையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து மோகே கருவாடு கடித்துக்கொண்டிருந்தான். அவன் ஹனாலேயின் மனைவி லெஹுவாவுக்குத் தம்பி.

"மச்சான், பிறந்த நாள் குழந்தைக்கா, கயாக்குக்கா? தினமும் குளிப்பாட்டுறியே!"

"ஒரு கிளிப் லூசா இருக்குடா."

"உன் மண்டையில இருக்கும், பாரு."

"வாயைத் திறக்கிறதுக்குப் பதிலா வந்து ஒரு கை பிடி."

"காது வலிக்குது. தண்ணியில கால் வெச்சாலே காதுக்குள்ள ஏறுது."

"காலுக்கும் காதுக்கும் உனக்கு ஒரே நரம்பா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் இருவரும் கடலைப் பார்க்காமல் வேறு திசைகளில் பார்த்தார்கள் என்பதை இங்கே குறிப்பிடுவது தவறாகாது என்று நம்புகிறேன்.

நடந்தது ஊர் முழுக்கத் தெரிந்ததே. குளிர்காலத்தின் கடைசியில் மைத்துனர்கள் இருவரும் திட்டுக்கு அப்பால் போயிருந்தார்கள். பாறை இடுக்குக்குள் புகுந்துகொண்ட ஓர் உஹு மீனைத் துரத்தி ஹனாலே கீழே போனான், மேலே வரவில்லை. மோகே இறங்கிப் பார்த்தபோது, இரண்டு தென்னை ஆழத்தில் அவன் தூங்குகிறவனைப் போலக் கிடந்தான். இழுத்து மேலே கொண்டுவந்து, கன்னத்தில் அறைந்து, பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தி, நீலம் பாரித்த உதடுகள் அசைந்தபோது ஹனாலே கேட்ட முதல் கேள்வி, "மீன் எங்கடா?" என்பது. எங்கள் கரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. லெஹுவா சிரிக்கவில்லை. மோகே தன் ஃபின்களைக் கார் கொட்டகையின் கூரையில் தொங்கவிட்டான். அன்றிலிருந்துதான் அவனுக்குக் காது வலி.

வரும் சனிக்கிழமை குழந்தை ஹோகுவுக்கு ஒரு வயது நிறைகிறது. முதல் வருட விருந்தைப் பெரிதாகச் செய்யாத வீட்டை எங்கள் பக்கத்தில் வீடாகவே மதிக்க மாட்டார்கள். பன்றி லெஹுவாவின் பிறந்தகத்திலிருந்து வருகிறது. மீன் மட்டும் அப்பன் கையால் வர வேண்டும் என்பது ஹனாலே குடும்பத்து வழக்கம். ஹனாலேயின் அப்பா அவனுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு அவருடைய அப்பா.

லெஹுவா கணவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தனியாகப் போகாதே. "யாரோட போறது? உன் தம்பிக்குக் காது வலி" என்று சொல்லிவிட்டு, அவன் ரப்பர் கயிறுகளை மாற்ற உட்கார்ந்துவிட்டான். அந்த வாரம் முழுவதும் மாலைகளில் அவன் கயிறு கட்டினான். பழைய முடிச்சுகளை அவிழ்த்துப் புதிதாகப் போட்டான். துருப்பிடித்த கிளிப்புகளைக் களைந்தான். இவன் எந்த நேரமும் கிளம்பிவிடுவான் என்ற நினைப்பில் லெஹுவாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவன் கிளம்பினான்.

கயாக்கைச் சின்னச் சக்கரவண்டியில் ஏற்றிப் பப்பாளி மரத்தைத் தாண்டி இழுத்துப் போனான். லெஹுவா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். பக்கத்து வீட்டு டானி தன் லாரியைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தான்.

"சும்மா ஒரு சுற்று போயிட்டு வரேன்" என்றான் ஹனாலே.

அப்படித்தான் சொல்ல வேண்டும். போகிறவனை எங்கே என்று கேட்டால் காரியம் கெடும் என்பது உலகத்தில் பல ஊர்களிலும் உள்ளதுதான். எங்கள் கரையில் அது இன்னும் கடுமை. மீனுக்குக் காது உண்டு. ஈட்டியும் வலையும் கையில் இருந்தாலும் ஹோலோஹோலோ போகிறேன், அதாவது சும்மா சுற்றப் போகிறேன், என்றுதான் சொல்வார்கள். யாராவது வாய் தவறி அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், அன்றைக்குச் சாமான்களை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். படித்தவர்களும் அவிழ்க்கிறார்கள். பாதிரியாரும் அவிழ்த்ததாகச் சொல்கிறார்கள்.

"காபி குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாம். வயிறு காலியா இருந்தாத்தான்..." அவன் முடிக்கவில்லை. குனிந்து ஒரு கிளிப்பை அழுத்திப் பார்த்தான். மறுபடியும் அதே கிளிப்பை அழுத்திப் பார்த்தான்.

லெஹுவா அப்போது செய்ததை அவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி குரலெடுத்துக் கேட்டாள்:

"ஹனாலே! மீன் பிடிக்கவா போற?"

டானி குழாயை மூடினான்.

கணவன் கத்துவான், சக்கரவண்டியை எட்டி உதைப்பான், நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டான் என்று எதிர்பார்த்து அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஹனாலேயின் தோள்கள் இறங்கின. "என்ன வாய்டி உனக்கு!" என்றான். ஆனால் அவன் கைகள் அதற்குள் கிளிப்புகளில் இருந்தன. வாரம் முழுக்கக் கட்டியதை அவன் அவ்வளவு வேகமாக அவிழ்த்து அவள் பார்த்ததில்லை. ஈயப் பட்டையைத் தூக்கிப் புல்லில் போட்டபோது, வெளுத்திருந்த உதடுகளில் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அவிழ்க்கும்போது ஏதோ பாட்டைச் சீட்டியடித்தான்.

லெஹுவாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இவன் போகத் துடித்துக்கொண்டு கட்டவில்லை. கட்டிக்கொண்டே இருந்தால் போக வேண்டியதில்லை என்றுதான் கட்டிக்கொண்டிருந்தான்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. குழாயை மூடுவதுபோல டானியின் வாயை மூட முடியாது. ஹனாலேயின் சித்தப்பா சாலமன், பன்றியை வேகவைக்கும் குழிக்கான கற்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"ஏம்மா, நீ இந்தக் கரையில பொறந்தவதானே? இல்ல, மலைமேல மானுங்களோட வளர்ந்தியா?"

"வாய் தவறிடுச்சு, மாமா."

"கால் தவறினாப் புடிச்சுக்கலாம். வாய் தவறினா எதைப் புடிக்கிறது?"

"சித்தப்பா, விடுங்க" என்றான் ஹனாலே.

"நீ சும்மா இரு. ஒருவேளை உஹு மீனுங்க மூக்கோட மூக்கு உரசிக்கிட்டு இருந்துச்சோ, என்னவோ? அதை நீ பார்த்துடப் போறேன்னு பயந்துட்டாளோ?"

கல் இறக்க வந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். கடலுக்குள் உஹு மீன்கள் மூக்கை உரசிக்கொள்வதைக் கண்டால், வீட்டில் மனைவி யாரோடோ கொஞ்சுகிறாள் என்று ஈட்டிக்காரன் உடனே கரைக்குத் திரும்பிவிடுவான் என்பது எங்கள் பக்கத்துப் பழைய பேச்சு. ஹனாலேயும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சற்று நேரம் சிரித்தான்.

டானி சொன்னான்: "என் ஃப்ரீசர்ல போன வாரத்து மீன் கெடக்கு. வேணும்னா எடுத்துக்கோங்க."

"ஃப்ரீசர் மீனா?" சாலமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அது ரெண்டு தடவை செத்த மீன்டா. புள்ளையோட மொதல் வருஷத்துக்கு அதையா வெப்பாங்க? நாளைக்குப் போவான். நாளைக்கு இந்தப் பொண்ணு அடுப்படியை விட்டு வெளிய வரக்கூடாது. நானே கதவுகிட்ட உக்காந்துக்கறேன்."

லெஹுவா வாயைத் திறந்தால் உண்மை வெளியே வந்துவிடும். வந்தால் அந்தச் சிரிப்பு முழுவதும் அவள்மீதிருந்து அவன்மீது திரும்பும். அவள் உள்ளே போய்ச் சேப்பங்கிழங்கைத் தோலுரித்தாள். கை அரித்தது.

பொழுது சாயும் நேரத்தில் கணவன் தனியாக இருந்தபோது அருகே போய் நின்றாள்.

"ஹனாலே, வேணாம்னா வேணாம்னு சொல்லு. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

"என்ன வேணாம்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?" அவன் ரப்பர் கயிற்றை இழுத்துக் கொக்கியில் மாட்டினான். "போ, குழந்தை அழுவுது."

குழந்தை அழவில்லை.

மறுநாள் காலையில் சொன்னபடியே சாலமன் அடுப்படிக் கதவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பன்றித் துண்டங்களையும் உப்பு மீனையும் சேப்ப இலையில் வைத்து, அதன்மேல் தீவில் வளரும் 'டி' என்னும் செடியின் நீண்ட இலையைச் சுற்றிக் கட்டும் வேலை லெஹுவாவின் முன் மலைபோலக் கிடந்தது. ஜன்னல் வழியே கரை தெரிந்தது. ஒரு மாதமாக மழையில்லை. மழை பெய்தால் மலையிலிருந்து செம்மண் இறங்கி எங்கள் கடல் தேநீர் நிறமாகிவிடும். அன்றோ திட்டின் பவளக் கற்கள்கூட ஜன்னலிலிருந்து கரிய புள்ளிகளாகத் தெரிந்தன.

குழி வெட்ட வந்த ஆண்கள் பலர் கரையில் நின்றார்கள். ஹனாலே கயாக்கைத் தண்ணீரில் இறக்கினான். அதன் விளிம்பைப் பிடித்தான், புரட்டுவதற்கு.

"இன்னிக்குமா குளியல்?" டானியின் குரல் அடுப்படிவரை கேட்டது. "சளி பிடிச்சிடும்டா அதுக்கு!"

ஹனாலே விளிம்பை விட்டான். ஏறி உட்கார்ந்து துடுப்பைப் போட்டான். போகும்போது அவன் கை பின்னால் போய் ஃபின்களின் கிளிப்பைத் தொட்டது. மறுபடியும் தொட்டது.

"மாமா, நகருங்க."

"இரும்மா. திட்டைத் தாண்டட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கோ."

"அப்புறம் பேசி என்ன மாமா பண்றது?"

அவள் குரலில் என்ன கேட்டதோ, சாலமன் எழுந்து நாற்காலியைத் தள்ளிப்போட்டார்.

மோகே குழிக்குள் நின்று கற்களை அடுக்கிக்கொண்டிருந்தான். லெஹுவா இலைச்சாறு ஒட்டிய கைகளோடு விளிம்பில் வந்து நின்றாள்.

"மோகே, ஏறி வா. அவன்கிட்டப் போ."

"அக்கா, எனக்குக் காது..."

"உன் காதைப் பத்தி எனக்குத் தெரியும்டா. அவனுக்கும் அதே காது வலிதான்."

மோகே கையிலிருந்த கல்லை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேத்து நான் கேட்டப்ப அவன் மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீ. சந்தோஷமா அவிழ்த்தான்டா. இன்னிக்கு இத்தனை பேர் பார்க்கறாங்க. மானத்துக்காக இறங்கிடுவான். அந்தப் பயத்தோட கீழ போனா மூச்சு எவ்வளவு நேரம் நிக்கும்? நீயே சொல்லு."

"அன்னிக்கு அவனை மேல கொண்டுவந்தப்ப அந்த மூஞ்சியைப் பார்த்தது நான்க்கா. நீ பார்க்கல." அவன் குரல் தாழ்ந்தது. "இன்னும் கண்ணை மூடினா அதுதான்."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். அவன்கிட்ட என்னால சொல்ல முடியல. நீ போய் பக்கத்துல இரு. அது போதும்."

மோகே கல்லைக் கீழே வைத்தான். கொட்டகையின் கூரையில் தொங்கிய ஃபின்களை ஒருமுறை பார்த்தான், எடுக்கவில்லை. டானியின் பழைய அலைப்பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"டேய், ஒண்ணும் கட்டாம போறியேடா!" என்று சாலமன் கத்தினார்.

"கட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, மாமா!"

பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் வலித்துக்கொண்டு அவன் போனான். அதற்குள் திட்டுக்கு அப்பால் மஞ்சள் கயாக் நின்றுவிட்டிருந்தது. காற்று மெல்ல எழுந்தது. வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்ததில் அதன்மேல் ஆள் இருக்கிறானா இல்லையா என்று பார்க்க முடியவில்லை. லெஹுவா ஈரக் கையை நெற்றிக்குக் குடையாக வைத்தாள். சேப்ப இலைச்சாறு பட்டு நெற்றி அரித்தது, அவள் சொறிந்துகொள்ளவில்லை.

"கொடி ஏறிடுச்சு" என்றார் சாலமன். கொடி ஏறினால் ஆள் தண்ணீருக்குள் என்று பொருள்.

எதற்காக இவள் இப்படி நிற்கிறாள் என்று கரையில் நின்றவர்களுக்கு மெதுவாகத் தெரியத் தொடங்கியிருந்தது போலும். சாலமன் அவளுக்கு அருகே வந்து நின்றார். தம் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார்.

மோகேயின் பலகை சிறுத்துச் சிறுத்துக் கயாக்கோடு சேர்ந்து ஒரே புள்ளியாயிற்று. அது அசையாமல் நின்றது. நெடுநேரம் நின்றது. லெஹுவா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைத் தானே அறியவில்லை. நெஞ்சு வலித்தபோதுதான் விட்டாள். ஒரு மேகம் வெயிலை மறைத்துக்கொண்டு போயிற்று. அந்த நிழலில் பார்த்தபோது, கயாக்கின் மேல் ஒருவன் குந்தியிருப்பதும், அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் பலகையின் இருபுறமும் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. கொடி இறங்கியது.

"ரெண்டு பேர்" என்றாள் லெஹுவா. "மாமா, ரெண்டு பேர் இருக்காங்க."

"தெரியுதும்மா."

அவர்கள் திரும்பி வந்தார்கள். மோகே கழுத்துவரை நனைந்திருந்தான். ஹனாலேயின் தலைமுடி காய்ந்து காற்றில் பறந்துகொண்டிருந்தது. கயாக் மணலில் ஏறியபோது எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சாமான்களைப் பார்த்தார்கள். ஈட்டி கட்டிய இடத்திலேயே இருந்தது. மீன் பை மடித்தபடியே இருந்தது. ஹனாலே இறங்கி, யாரையும் பார்க்காமல், துடுப்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெரிய பானை ஒன்றைக் கழுவத் தூக்கிக்கொண்டு வந்த டானிதான் கேட்டான்:

"என்னடா ஆச்சு? ஒண்ணுகூடவா கிடைக்கல?"

ஹனாலே வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் லெஹுவா முந்திக்கொண்டாள்.

"தண்ணி கலங்கல். உள்ள செம்மண் இறங்கியிருக்கு."

அவள் காலடியில் ஒரு சிறு நண்டு நடந்துகொண்டிருந்தது. முழங்காலளவுத் தண்ணீருக்கு அடியில் அதன் கால்களின் மயிர்கூடத் தெரிந்தது.

மோகே பலகையை மணலில் குத்தி நிறுத்தினான். "ஆமா. கையை நீட்டினா கை தெரியல."

எல்லாரும் சாலமனைப் பார்த்தார்கள். அவர் தண்ணீருக்குள் இரண்டு அடி எடுத்துவைத்து, முழங்கால்களில் கைகளை ஊன்றி, குனிந்து, கடலை நிதானமாகப் பரிசோதித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"காலையிலேர்ந்து நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரொம்பக் கலங்கல். இதுல எந்த மடையன் இறங்குவான்?" டானியின் பக்கம் திரும்பினார். "உன் ஃப்ரீசர்ல மீன் இருக்குன்னியே, எவ்வளவு?"

"இருக்கு, நிறைய."

"பானையைக் கழுவி வெச்சுட்டுப் போய் எடுத்துட்டு வா. நல்லதா பார்த்து எடு."

ஆண்கள் குழிக்குத் திரும்பினார்கள். ஹனாலே கயாக்கின் அருகே உட்கார்ந்து கிளிப்புகளைக் கழற்றத் தொடங்கினான். லெஹுவா மறுபக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கிளிப்புகளைக் கழற்றினாள்.

"கொடியை ஏத்திட்டு உக்காந்தே இருந்தேன்" என்றான் அவன்.

"ம்."

"கீழ பார்த்தா அடி வரைக்கும் தெரிஞ்சுது, லெஹுவா. ஒவ்வொரு கல்லும் தெரிஞ்சுது. அதான்."

அவள் ஈயப் பட்டையைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

டானி பானையைக் கடலில் அமிழ்த்தி மணலைப் போட்டுத் தேய்க்கக் குனிந்தான். குழியின் பக்கத்திலிருந்து சாலமனின் குரல் இடித்தது.

"டேய்! புள்ளையோட விருந்துப் பானையை அந்தக் கலங்கல் தண்ணியிலயா கழுவுற?"

டானி குனிந்தபடியே தன் கால்களைப் பார்த்தான். கூழாங்கற்களின் கோடுகள் தெரிந்தன. அவன் கால் நகங்களில் குழி மண் அப்பியிருந்ததும் தெரிந்தது. அவன் பானையிலிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தான்.